பழைய காருக்கு மறுவாழ்வு: வரிசை தவறாத செலவே சிக்கனம்

சென்னையிலிருந்து ரயிலில் கொல்கத்தாவுக்கு வந்தவர்கள் சாந்த்ராகாச்சி என்ற பெயரை அறிவார்கள். ஹவுராவுக்குச் சற்று முன்னர் வரும் சந்திப்பு அது. சில வண்டிகள் அங்கேயே தம் பயணத்தை முடித்துக்கொள்ளும். நிலையத்தை ஒட்டிய ஏரியில் குளிர்காலந்தோறும் நீர்ப்பறவைகள் வந்திறங்கும். ஏரியைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் நடந்துசெல்பவர் கண்ணுக்கு இன்னொரு காட்சியும் தென்படக்கூடும். வீட்டு முற்றத்தில், தார்ப்பாய் போர்த்திய நிலையில், ஒரு நீண்ட கார் சக்கரங்களில் காற்றின்றி நிற்கும். அது பெரும்பாலும் அம்பாசடராக இருக்கும். எப்போதாவது ஒரு கான்டெஸாவாக இருக்கும்.

அத்தகைய கார் உள்ள வீட்டில் ஒருநாள் யாரேனும் ஒருவர் அதை மீண்டும் ஓடவைக்கலாம் என்று சொல்வார். தந்தை வாங்கிய கார், திருமணத்திற்கு அலங்கரித்த கார் என்று நினைவுகளும் துணைக்கு வரும். ஆர்வத்துடன் வேலை தொடங்கும். இருக்கைகள் கழற்றப்படும், எஞ்சின் இறக்கப்படும், புதிய நிறம் தேர்ந்தெடுக்கப்படும். ஆறு மாதம் கழித்துப் பணம் தீர்ந்துபோகும். கழற்றிய பாகங்கள் எங்கே வைக்கப்பட்டன என்பது மறந்துபோகும். இறுதியில், ஓடாவிட்டாலும் முழுமையாக இருந்த கார், துண்டுதுண்டாகப் பழைய இரும்புக்கடைக்குச் செல்லும். செலவழித்த தொகையும் திரும்பாது, காரும் மிஞ்சாது.

இந்த முடிவுக்குப் பணக் குறைவைவிட வரிசைப் பிழையே பெரும்பாலும் காரணமாகிறது. சட்டப்படி ஓட்டத் தகுதி தருவது முதலில், துருவைத் தடுப்பது அடுத்து, வண்டியை நிறுத்துவது மூன்றாவது, ஓடவைப்பது நான்காவது, மினுமினுப்பு இறுதியில் என்ற ஒழுங்கைக் காத்தால், நடுத்தர வருவாயுள்ள குடும்பமும் ஒரு பழைய சொகுசுக் காரை வீட்டிலேயே மீட்டெடுக்க முடியும். அதை எவ்வாறு செய்வது என்பதைக் கான்டெஸாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

எந்தக் காரை மீட்கலாம்?

சாந்த்ராகாச்சிக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் அதே மேற்குக் கரையில் உள்ளது உத்தரபாரா. 1942-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1948-இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து இங்கு வந்தது. அம்பாசடர் இங்கேதான் உருவானது. அதே ஆலையில் 1984 முதல் 2002 வரை கான்டெஸா தயாரிக்கப்பட்டது. பிரிட்டனின் வாக்ஸால் நிறுவனம் 1970-களில் விற்ற விக்டர் வரிசைக் காரின் வடிவமே கான்டெஸாவின் அடிப்படை. அகன்ற இருக்கை, நீண்ட முகப்பு, அமைதியான பயணம் ஆகியவற்றால் அக்கால இந்தியாவில் அது உயர் அதிகாரிகளும் வணிகர்களும் விரும்பிய சொகுசுக் காராக இருந்தது.

தொடக்ககாலக் கான்டெஸாவில் அம்பாசடரில் இருந்த 1,489 சி.சி. எஞ்சினே பொருத்தப்பட்டது. கனமான உடலுக்கு அதன் ஆற்றல் போதவில்லை. எனவே 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுஸு நிறுவன வடிவமைப்பில் அமைந்த 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் அமைப்பும் வந்தன. இதே 1.8 லிட்டர் எஞ்சின் பின்னர் அம்பாசடரிலும் பொருத்தப்பட்டது. ஆகவே கான்டெஸாவின் எஞ்சின் பாகங்களில் பல, நெடுங்காலம் விற்பனையில் இருந்த அம்பாசடரின் பாகங்களே ஆகும்.

குறைந்த செலவில் மீட்க விரும்புவோர் இதையே முதலில் கவனிக்க வேண்டும். நீண்ட காலம் தயாரான காரும், வேறொரு பரவலான காருடன் பாகங்களைப் பகிர்ந்துகொள்ளும் காரும் மீட்க எளியவை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு 2000 இதற்கு மாறான எடுத்துக்காட்டு. பிரிட்டனின் ரோவர் காரின் அழகிய உடலுடன் 1985-இல் வந்த அந்தச் சொகுசுக் கார், சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. அதன் முன்கண்ணாடியோ விளக்கோ உடைந்தால் மாற்றுப் பொருள் தேடுவதே பெரும் வேலையாகிவிடும். வாங்கும் விலை குறைவு என்பதற்காக அரிதான காரைத் தேர்ந்தெடுப்பவர், பின்னர் ஒவ்வொரு பாகத்திற்கும் அந்த வேறுபாட்டைச் செலுத்த நேரும்.

முதல் செலவு: ஆவணங்கள்

கார் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், பதிவுச் சான்று உயிருடன் இல்லையெனில் அதைச் சாலையில் ஓட்ட இயலாது. தனியார் பயன்பாட்டுக் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25 வாயிலாக விண்ணப்பித்து, வாகன ஆய்வில் தேறி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு இக்கட்டணம் 10,000 ரூபாய். மாநில வரியும் தாமதக் கட்டணமும் இதற்குப் புறம்பானவை.

ஹவுரா, கொல்கத்தா பகுதிகளில் கூடுதல் கவனம் தேவை. கொல்கத்தா உயர்நீதிமன்றம் 2008-இல் இட்ட ஆணையால் இப்பெருநகரப் பகுதியில் 15 ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனங்கள் விலக்கப்பட்டன. 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் இவ்விரு நகரங்களின் பழைய வாகனங்களை விலக்குவது குறித்து ஆணை பிறப்பித்தது. எனவே ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்னரே, குறிப்பிட்ட காரின் பதிவைப் புதுப்பிக்க இயலுமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து வாயிலாகக் கேட்டு அறிந்துகொள்வது நன்று. பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, பதிவின் நிலையையும் நிலுவை அபராதங்களையும் பார்க்கலாம்.

கார் தந்தையின் பெயரில் இருந்து அவர் மறைந்திருந்தால், வாரிசுக்கு மாற்றப் படிவம் 31 உண்டு. வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவந்த காராயின் படிவம் 28 வாயிலாகத் தடையின்மைச் சான்று பெற வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று, பதிவுச் சான்றில் உள்ள ஹைப்பாதிகேஷன் என்னும் கடன் குறிப்பு. முப்பது ஆண்டுகளுக்கு முன் கடன் பெற்று வாங்கிய கார் எனில், கடன் தீர்ந்திருந்தாலும் வங்கியின் பெயர் சான்றில் நீக்கப்படாமலேயே இருக்கக்கூடும். அதை நீக்கப் படிவம் 35-இல் வங்கியின் ஒப்பமும் நிலுவையின்மைச் சான்றும் வேண்டும். கடன் கொடுத்த வங்கி இன்று வேறு பெயரில் இருக்கலாம். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அலகாபாத் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று இந்தியன் வங்கியுடன் இணைந்தது. அதே நாளில் யுனைடெட் பாங்க் ஆஃப் இந்தியா, பஞ்சாப் நேஷனல் வங்கியுடன் இணைந்தது. இணைந்த வங்கியே இப்போது அச்சான்றை வழங்க வேண்டிய இடம். பழைய கணக்குப் புத்தகமோ கடன் கணக்கு எண்ணோ கையில் இருந்தால் தேடுதல் எளிதாகும்.

விண்டேஜ் வாகனங்களுக்கென 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, உடலும் எஞ்சினும் மூல வடிவத்திலேயே பேணப்பட்ட வாகனங்களுக்கு இவை பொருந்தும். பதிவு எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் இடம்பெறும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். இவ்வண்டிகளைக் காட்சிக்கும் பேரணிக்கும் பழுதுபார்ப்புக்கும் ஓட்டலாம், அன்றாடப் பயணத்திற்கு அன்று. முதல் கான்டெஸாகூட 2034-இல்தான் 50 வயதை எட்டும். ஆயினும் இன்று வேலை தொடங்குவோர் இவ்விதியை நினைவில் கொள்வது பயன்தரும். வேறு எஞ்சினை மாற்றிப் பொருத்துவதும் உடலை வெட்டி மாற்றுவதும் பிற்காலத் தகுதியைக் கெடுக்கக்கூடும்.

இரண்டாவது: துரு

அம்பாசடரும் கான்டெஸாவும் தனிச் சட்டகத்தின்மீது உடலை வைத்துக் கட்டிய வண்டிகள் அல்ல. தகட்டு உடலே வண்டியின் எடையையும் அதிர்வையும் தாங்குகிறது. ஆகவே தரைத் தகடும், கதவுக்குக் கீழ் நீளவாட்டில் செல்லும் பெட்டி போன்ற பகுதியும் துருப்பிடித்தால், அது அழகுக் குறையோடு நில்லாது, வண்டியின் எலும்பையே பாதிக்கும். ஹூக்ளிக் கரையின் ஈரக்காற்றும் மழைக்காலத்தில் தேங்கும் நீரும் இப்பகுதிகளையே முதலில் அரிக்கின்றன.

பெயின்ட் பளபளப்பாக இருப்பதைக் கண்டு முடிவுசெய்யலாகாது. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடலெங்கும் நகர்த்திப் பார்க்கலாம். இரும்பில் ஒட்டும் காந்தம், பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது நழுவும். தரைவிரிப்பை அகற்றி, திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். உறுதியான தகடு கணீரென ஒலிக்கும், அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். சக்கர வளைவு, மின்கலம் வைக்கும் தட்டு, பின்பெட்டியின் தரை, முன்கண்ணாடியின் கீழ் விளிம்பு ஆகியவை தவறாமல் பார்க்க வேண்டிய இடங்கள்.

மேற்பரப்பில் மட்டும் படிந்த துருவை வீட்டிலேயே நீக்கலாம். கம்பித் தூரிகையால் உதிர்ந்தவற்றை அகற்றி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைப் பூச வேண்டும். அது இரும்பு ஆக்ஸைடை நிலையான பாஸ்பேட்டாக மாற்றும். நன்கு உலர்ந்தபின் எபாக்ஸி பிரைமர் அடித்தால் ஈரம் மீண்டும் இரும்பைத் தொடாது. துளை விழுந்த இடத்தைப் பட்டியால் அடைப்பது வீண் செலவு. அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைப்பதே தீர்வு. பற்றவைத்த இடத்தின் உட்பக்கம் மெழுகுக் கலவை தெளித்தால் உள்ளிருந்து அரிப்பது தடுக்கப்படும். கதவின் அடியிலும் பெட்டிப் பகுதியிலும் உள்ள நீர்வடிதுளைகளைத் திறந்துவைக்க வேண்டும். அவை மண்ணால் அடைபடுவதே துருவின் முதற்காரணம்.

மூன்றாவது: நிறுத்தும் ஆற்றல்

எஞ்சின் உறுமும் ஓசையைக் கேட்டதும் வண்டியைத் தெருவரை ஓட்டிப் பார்க்கத் தோன்றும். பல ஆண்டு நின்ற காரில் அது ஆபத்தானது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நாட்பட்ட திரவம் மாஸ்டர் சிலிண்டரையும் சக்கர சிலிண்டர்களையும் உள்ளிருந்து துருப்பிடிக்கச் செய்யும். ரப்பர் வளையங்கள் இறுகிப்போயிருக்கும். மிதி ஒருமுறை சரியாக வேலைசெய்து, அடுத்த முறை தரையைத் தொட்டுவிடும்.

எனவே ரப்பர் பாகங்கள் அனைத்தையும், வளையும் குழாய்களையும் மாற்றியே தீர வேண்டும். இரும்புக் குழாய்களைக் கவனித்து, அரித்தவற்றை மாற்ற வேண்டும். திரவத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது. காற்றழுத்தக் குழாயால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து, முகக்கவசம் அணிந்து வேலை செய்ய வேண்டும்.

சக்கரத்தின் ரப்பர் தேயாமல் இருந்தாலும் வயது கணக்கில் கொள்ளப்பட வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2219 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் தயாரானது என்பது பொருள். பத்தாண்டுகளைக் கடந்த டயர், பூக்கள் தெளிவாக இருந்தாலும், வேகத்தில் வெடிக்கக்கூடும்.

நான்காவது: எஞ்சினும் எரிபொருளும்

நீண்ட நாள் நின்ற எஞ்சினை உடனே சாவி போட்டுச் சுழற்றலாகாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிதளவு எண்ணெய் விட்டு, ஒருநாள் ஊறவிட வேண்டும். பின்னர் எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழன்றால் பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளவில்லை என்று அறியலாம். எஞ்சின் எண்ணெய், வடிகட்டி, ரேடியேட்டர் நீர், விசிறிப் பட்டை ஆகியவற்றை மாற்றி, பிளக்குகள் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் எழுவதை உறுதிசெய்த பின்னரே தீமூட்ட வேண்டும். இந்த ஒழுங்கைப் பின்பற்றினால், பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கருதிய எஞ்சின் பல நேரங்களில் பிரிக்கப்படாமலேயே ஓடும். பெரும் செலவொன்று அங்கே மிச்சமாகும்.

எரிபொருள் குறித்து இரண்டு மாற்றங்கள் நினைவில் இருக்க வேண்டும். 2000 பிப்ரவரியிலிருந்து நாடெங்கும் ஈயம் கலவாத பெட்ரோலே விற்பனையாகிறது. 1,489 சி.சி. எஞ்சின், ஈயப் பெட்ரோல் இருந்த காலத்து வடிவமைப்பு. ஈயம் வால்வு அமரும் விளிம்புக்கு மெத்தை போல இருந்தது. அது இல்லாதபோது விளிம்பு மெல்லத் தேயும், அழுத்தம் குறையும். சிலிண்டர் தலையைக் கழற்ற நேர்ந்தால், அவ்வேளையிலேயே கடினமாக்கிய வால்வு வளையங்களைப் பதிப்பது நன்று.

இரண்டாவது மாற்றம் எத்தனால். இன்று பெட்ரோல் நிலையங்களில் பரவலாகக் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டரின் அடைப்பு வளையங்களையும் இளக்கும். நீரையும் ஈர்த்துக்கொள்ளும். ஓட்டாமல் நிறுத்திவைத்தால் அந்த நீர் தொட்டியின் அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றுவதும், தொட்டியைக் கழுவித் துருநீக்குவதும், தெளிவான வடிகட்டி ஒன்றை இடையில் பொருத்துவதும் கட்டாயமாகும். பெட்ரோல் குழாய் கசிந்து சூடான எஞ்சின்மேல் விழுவதே பழைய கார்கள் தீப்பற்றும் வழிகளில் முதன்மையானது. சில நூறு ரூபாய் மதிப்புள்ள குழாய், முழு வண்டியையும் காக்கிறது.

எதை நாமே செய்வது, எதைக் கொடுத்துச் செய்விப்பது?

மீட்டெடுப்பில் பொருளைவிடக் கூலியே பெரும்பங்கு. எனவே திறமையைவிடப் பொறுமை அதிகம் தேவைப்படும் வேலைகளை வீட்டார் ஏற்றுக்கொண்டால் செலவு வெகுவாகக் குறையும். இருக்கைகளையும் விரிப்புகளையும் கழற்றுதல், அழுக்கெடுத்தல், மேற்துரு சுரண்டுதல், மின்கம்பி இணைப்புகளைத் துடைத்து இறுக்குதல், குரோமியப் பாகங்களை மெருகேற்றுதல், கதவு ரப்பர் பொருத்துதல் ஆகியவை அத்தகையவை.

கழற்றும்போது ஒவ்வொரு நிலையிலும் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். திருகுகளைச் சிறு பைகளில் இட்டு, எந்தப் பகுதிக்குரியவை என்று எழுதி ஒட்ட வேண்டும். ஒரு பகுதியை முடிக்காமல் அடுத்ததைக் கழற்றலாகாது. வண்டி எந்நிலையிலும் சக்கரத்தில் நின்று தள்ளினால் நகரும்படி இருக்க வேண்டும். அவ்வாறு இருக்கும்வரை, எதிர்பாராத செலவோ நோயோ வந்து வேலை நின்றாலும், அது நிறுத்திவைத்த வேலையாகவே இருக்கும், கைவிட்ட வேலையாக மாறாது.

உடலின் அடித்தகட்டைப் பற்றவைத்தல், எஞ்சின் துளை சீரமைத்தல், பிரேக் டிரம் கடைதல், பெயின்ட் தெளித்தல் ஆகியவற்றைத் தொழிலறிந்தவர்களிடமே விட வேண்டும். இக்காலப் பாலியுரிதேன் பெயின்ட்டின் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட், மூச்சுக்குழாயைக் கடுமையாகப் பாதிக்கும். காற்றூட்ட அறையும் தனிச் சுவாசக்கருவியும் இல்லாத வீட்டு முற்றத்தில் அதைத் தெளிப்பது முறையன்று. வண்டியின் கீழே செல்லும்போது ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. உறுதியான தாங்கிகளை இரண்டு பக்கமும் வைத்த பின்னரே கீழே படுக்க வேண்டும். பழைய எஞ்சின் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், கலனில் சேர்த்துப் பணிமனையில் ஒப்படைக்க வேண்டும். சாந்த்ராகாச்சி போன்ற நீர்நிலை சார்ந்த ஊரில் இது அண்டைவீட்டாருக்கும் பறவைகளுக்கும் ஆற்றும் கடமை.

இவ்வூர்க்காரர்களுக்கு வேறொரு நன்மையும் உண்டு. ஹவுரா நெடுங்காலமாக வார்ப்புப் பட்டறைகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் பெயர்பெற்ற நகரம். கிழக்கின் ஷெஃபீல்டு என்று அதை அழைத்ததுண்டு. பெலிலியஸ் சாலை, தாஸ்நகர் பகுதிகளில், கடையில் கிடைக்காத புஷ் ஒன்றை மாதிரி காட்டிக் கடைந்துகொள்ளலாம். கொல்கத்தாவின் மல்லிக் பஜார், பழைய கார் பாகங்களுக்குப் புகழ்பெற்றது. 15 ஆண்டு விதியால் விலகிய மஞ்சள் அம்பாசடர் டாக்சிகளின் பாகங்களும் இத்தகைய சந்தைகளை அடைகின்றன. அங்கே செல்பவர் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுசென்று, அளவை ஒப்பிட்டு வாங்க வேண்டும். பிரேக், ஸ்டீயரிங் பாகங்களை மட்டும் பழையதாக வாங்கலாகாது. உத்தரபாரா ஆலை 2014 மே மாதத்தில் உற்பத்தியை நிறுத்தியது. அவ்வண்டிகளை நன்கறிந்த மெக்கானிக்குகளுக்கும் டிங்கரிங் கலைஞர்களுக்கும் வயதாகி வருகிறது. அவர்களிடம் கேட்டு அறியக்கூடிய காலம் இதுவே.

பருவத்தோடு இசைந்த வேலை

வங்காளத்தின் மழைக்காலத்தில் பெயின்ட் அடித்தால், அடியில் சிக்கிய ஈரம் ஓராண்டுக்குள் கொப்புளமாக வெளிப்படும். எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை வீட்டுக்குள் அமர்ந்து செய்யும் வேலைகளை வைத்துக்கொள்ளலாம். கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், இருக்கைத் தையல் ஆகியவை இக்காலத்திற்கு உகந்தவை. துர்கா பூஜை முடிந்து, ஏரிக்குப் பறவைகள் வரத் தொடங்கும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தகடு வேலையும் பிரைமரும் பெயின்ட்டும். கோடைத் தொடக்கத்தில் பிரேக், ஓட்டச் சோதனை, பதிவு ஆய்வு. மழையில் நிறுத்தும்போது பிளாஸ்டிக் தாளால் இறுக மூடுவது தவறு. அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். மேலே கூரையும், காற்று புகும் பருத்தி உறையும் போதும்.

பணத்தைத் திட்டமிடுதல்

முதலில் மொத்த எல்லையை முடிவுசெய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பம் மூன்று லட்சம் ரூபாய் என்று வரையறுத்துக்கொள்வதாகக் கொள்வோம். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 60,000 ரூபாய், எதிர்பாராத செலவுக்கெனத் தொடாமல் வைக்கப்பட வேண்டும். எஞ்சிய 2,40,000 ரூபாயை இவ்வாறு பகிரலாம்: ஆவணமும் காப்பீடும் 25,000, துருநீக்கம், தகடு வேலை, பெயின்ட் ஆகியவை 85,000, பிரேக், ஸ்டீயரிங், டயர் 60,000, எஞ்சினும் எரிபொருள் அமைப்பும் 40,000, மின்னமைப்பு 15,000, இருக்கையும் உள்ளலங்காரமும் 15,000. வண்டியின் நிலைக்கேற்பத் தொகைகள் மாறும். கவனிக்க வேண்டியது வரிசையும் விகிதமும் மட்டுமே.

இத்தொகையை ஒரே நாளில் திரட்ட வேண்டியதில்லை. வேலை இரண்டாண்டு நீளும் எனில், மாதம் 12,500 ரூபாய் வீதம் 24 மாதத் தொடர் வைப்பில் மூன்று லட்சம் சேரும், வட்டி தனி. ஓராண்டு வைப்பாக இரண்டு முறை பிரித்துக்கொண்டால், முதல் வைப்பு முதிரும்போது முதற்கட்டச் செலவுக்கும், இரண்டாவது முதிரும்போது அடுத்த கட்டத்திற்கும் பணம் கிடைக்கும். பணம் கையில் வந்த பின்னரே அடுத்த பகுதியைக் கழற்றுவது என்பதை வீட்டு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

இடையில் பணம் தேவைப்பட்டால், வைப்புநிதியை முறிப்பதைவிட அதன்மீது கடன் பெறுவது பொதுவாக நன்று. வைப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிடச் சற்றே கூடுதலான வட்டிதான் அதற்கு வசூலிக்கப்படும். மிகப் பழைய வண்டிகளுக்கு வழக்கமான கார் கடன் கிடைப்பது அரிது. கடன் அட்டையில் பாகங்கள் வாங்கி, நிலுவையை மாதாமாதம் நீட்டிப்பது, துருவைவிட வேகமாக அரிக்கும் வழி.

மூன்றாம் தரப்புக் காப்பீடு இன்றி ஒரு தெருவைக்கூடக் கடக்கலாகாது. அது சட்டக் கட்டாயம். வண்டியின் சேதத்திற்கான காப்பீட்டை எடுக்கும்போது, இவ்வளவு பழைய காரின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி உடன்படுகிறார்கள். அப்போது ஒவ்வொரு செலவுச் சீட்டும் படமும் பயன்படும். ஒரு கோப்பில் அவற்றைத் தேதிவாரியாகச் சேர்த்துவைப்பது, பின்னாளில் விற்க நேர்ந்தாலும் நம்பகத்தன்மையைத் தரும்.

இதை முதலீடாக எண்ணலாகாது. பெரும்பாலான கார்களுக்குச் செலவிட்ட தொகை விற்பனை விலையில் திரும்புவதில்லை. எனவே பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், ஓய்வுக்காலம் ஆகியவற்றுக்கு ஒதுக்கியவற்றைத் தொடாமல், பயணத்திற்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்கும் பணத்திலிருந்தே இதைச் செய்ய வேண்டும். அவ்வாறு செய்தால், இழப்பு என்ற எண்ணத்திற்கே இடமில்லை.

கொல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1968 முதல் நடத்திவரும் பழைய கார்ப் பேரணி, இவ்வார்வம் இந்நகரில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதைக் காட்டுகிறது. ஆனால் முற்றத்தில் நிற்கும் கார் பேரணிக்குச் செல்ல வேண்டும் என்பதில்லை. ஆவணம் செல்லுபடியாகி, தகடு உறுதியாகி, பிரேக் பிடித்து, எஞ்சின் சீராக ஓடி, ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமையில் வீட்டுப் பெரியவரை முன்னிருக்கையில் அமர்த்தி ஏரிக்கரையைச் சுற்றி வந்தால், எடுத்த முயற்சி நிறைவுபெற்றது. அன்று பெயின்ட் சற்று மங்கலாக இருந்தாலும் குறையில்லை. மினுமினுப்புக்கு அடுத்த ஆண்டின் தொடர் வைப்பு இருக்கிறது.